டேப் வாங்கப் போகும் மட்டாஞ்சேரித் தமிழ்ப் பெற்றோருக்கு



ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைக்கு ஒரு டேப் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று உங்களில் பல பேர் இப்போதே சீட்டு எடுக்கவும் நகையை வைக்கவும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் கடையில் முன்பணமே கொடுத்துவிட்டீர்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. வாங்குங்கள். ஆனால் இப்போது வாங்குகிற விதத்தில் வாங்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போனும் டேப்பும் பழுது பார்ப்பது என் தொழில். பாலஸ் ரோடு, செர்ளாய், சுள்ளிக்கல், ஃபோர்ட் கொச்சி டோபி கானா என்று நாலா பக்கமிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகளின் டேப்புகள் என் மேசைக்கு வருகின்றன. "ஸ்லோ ஆயிடுச்சு, கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்கிறீர்கள். திறந்து பார்த்தால் அவற்றில் பல கெட்டுப்போனவையே அல்ல. வாங்கிய நாளிலேயே படிப்புக்கு உதவாதவை. அவற்றை என்னால் சரி செய்ய முடியாது, யாராலும் முடியாது. இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை.

கடையில் நீங்கள் கேட்பது மூன்று கேள்வி. எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை எம்ஏஎச், கேமரா எத்தனை மெகாபிக்சல். அந்த மூன்றையும்தான் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியதெல்லாம் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை. நம் ஆட்களுக்குத் தரம் பார்த்து வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் வேலை பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மிளகு கறுப்பாக, பெரிதாக இருக்கிறது என்று யாராவது விலை போடுவார்களா? லிட்டர் எடை பார்ப்பீர்கள், 550 கிராம் நிற்கிறதா என்று. ஈரப்பதம் பார்ப்பீர்கள். அதே கையோடு எர்ணாகுளம் போய், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளை விற்கிறவன் வாயைப் பார்த்து வாங்கிவிட்டு வருகிறீர்கள்.

முதலில் சிம் விஷயம். இதில்தான் நம் வீடுகள் அதிகமாக ஏமாந்திருக்கின்றன. ஒரே மாடல் இரண்டு வகையில் வரும். ஒன்று வைஃபை மட்டும் உள்ளது, மற்றொன்று சிம் போடக்கூடியது. வைஃபை மட்டும் உள்ளது இரண்டு மூவாயிரம் குறைவாக இருக்கும். அதுதானே லாபம் என்று எடுத்து வருகிறீர்கள். வீட்டில் வைஃபை இல்லை. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். காலையில் அப்பா அந்தப் போனோடு வேலைக்குப் போய்விடுவார், ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். அதுவரை அந்த டேப் வெறும் கண்ணாடி.

2020 ஜூன் 1 நினைவிருக்கிறதா? கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது விக்டர்ஸ் டிவி சேனலில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கிய நாள். டிவியோ போனோ இல்லாத பிள்ளைகள் மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்று அப்போது கணக்கெடுத்துச் சொன்னார்கள். நம் தெருக்களில் அந்தக் கணக்கில் வராத பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் போன் இருந்தது, ஆனால் அது அப்பாவோடு வெளியே இருந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு பிள்ளை கையில் சொந்தமாக ஒரு டேப் கொடுத்தும் அதே நிலையில் அவர்களை உட்கார வைக்கலாமா? வீட்டில் நிலையான வைஃபை இருந்தால் சிம் இல்லாததே போதும், அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள். இல்லையென்றால் சிம் உள்ளதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். வாங்கிய பின் சிம் வசதி சேர்க்க வழியே கிடையாது.

அடுத்தது திரை. நம் பிள்ளைகள் டேப்பில் செய்யும் பெரிய வேலை பாடப்புத்தகத்தையும் டீச்சர் அனுப்பும் நோட்டையும் பிடிஎஃப் ஆகப் படிப்பது. கைட் நிறுவனத்தின் சமக்ர தளத்தில் பாடப்புத்தகம் எல்லாம் கிடைக்கிறது. டியூஷன் நோட்டுகள் பெரும்பாலும் ஏ4 தாளில் அடித்தவை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கையடக்கமாக இருக்கிறது என்று நீங்கள் எடுக்கும் 8.7 அங்குல டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 113 மில்லிமீட்டர்தான். பக்கம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 10 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட் சொச்சமாகிவிடும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் பொடி எழுத்து மாதிரி. பிள்ளை விரலால் பெரிதாக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் சலித்துப் போகும். 11 அங்குலமானால் பத்தில் ஏழு பங்கு அளவு வரும், படிக்கலாம். படம் பார்க்கச் சின்னது போதும். படிக்கப் போதாது.

அளவோடு புள்ளிக்கணக்கும் பாருங்கள். 10.1 அங்குலத்தில் 1280 பெருக்கல் 800 என்று போட்டிருந்தால் ஒரு அங்குலத்துக்கு 149 புள்ளி. அதே அளவில் 1920 பெருக்கல் 1200 என்றால் 224 புள்ளி. கடை விளக்கில் ஓடவிடும் கலர் வீடியோவில் இந்த வித்தியாசம் தெரியாது. பத்தாம் வகுப்பு வேதியியல் பக்கத்தைத் திறங்கள். கந்தக அமிலத்தின் வாய்பாட்டில் எழுத்துக்குக் கீழே குட்டியாக ஒரு 2, ஒரு 4 வருமே, அது 149 புள்ளித் திரையில் அழுக்குப் பொட்டு மாதிரி இருக்கும். மலையாளக் கூட்டெழுத்துகளும் அப்படித்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்குக் கண் சரியில்லையோ என்று என்னிடம் கேட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை அக்கா, திரையில்தான் குறை.

ஜிபி கணக்கில் நடக்கும் வித்தை ஒன்று உண்டு. "8+8, மொத்தம் 16 ஜிபி ரேம்" என்பார்கள். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது ரேம் அல்ல. சேமிப்பிடத்திலிருந்து ஒரு துண்டைக் கடன் வாங்கி ரேம் என்று பேர் சூட்டியிருக்கிறார்கள். அதன் வேகம் உண்மையான ரேமுக்குப் பக்கத்திலேயே வராது. கூட்டலுக்கு முன்னால் இருக்கும் எண் மட்டும்தான் உங்களுடையது. அது 4 ஆக இருந்தால் இன்றைக்கு ஒப்பேற்றலாம், இரண்டு வருடம் தாங்குமா என்பது சந்தேகம். 6 அல்லது 8 இருந்தால் நிம்மதி. சேமிப்பிடத்திலும் 64 என்று எழுதியிருந்தால் சிஸ்டம் பிடித்தது போக நாற்பது சொச்சம்தான் கைக்கு வரும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். படங்களும் பாடங்களும் அதில் போகும், பெரும்பாலான ஆப்கள் போகா. 128 எடுங்கள்.

"ஆக்டா கோர்" என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். எட்டு கோர் என்பது எண்ணிக்கை மட்டுமே. எட்டும் கார்டெக்ஸ் ஏ53 வகையாக இருந்தால் அது 2012-இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. ஹீலியோ ஜி99 போன்ற சிப்பிலும் எட்டு கோர்தான், ஆனால் அதில் இரண்டு ஏ76, ஆறு ஏ55. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே எத்தனை கோர் என்று கேட்காதீர்கள், பிராசஸரின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டேன் என்கிற கடையில் நிற்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா எண் படிப்புக்கு முக்கியமே இல்லை. பேட்டரி எண்ணோடு சார்ஜர் எத்தனை வாட் என்றும் கேளுங்கள். 7,000 எம்ஏஎச் பேட்டரியை 10 வாட் சார்ஜரில் நிரப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் இருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். கணக்கு எழுதிப் பழகப் பேனா வேண்டுமென்றால் அந்தத் திரை பேனாவை ஏற்கும் வகையா என்று பார்க்க வேண்டும். நூறு ரூபாய் ரப்பர் முனைப் பேனாவால் ஒரு பின்னம்கூடத் திருத்தமாக எழுத முடியாது.

எந்தப் பெட்டியிலும் அச்சடிக்காத ஒன்று இருக்கிறது, அது உதிரி பாகம். கொச்சிக் காற்றில் உப்பு. இரண்டு மழைக்காலம் போனால் சார்ஜிங் பின்னில் பச்சைக் களிம்பு பிடிப்பதை நான் லென்ஸ் வைத்துத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பின் இருக்கும் சின்ன போர்டு பிரபலமான மாடலுக்கு எர்ணாகுளம் பென்டா மேனகாவில் அன்றைக்கே கிடைத்துவிடும். திரை உடைந்தாலும் அப்படியே. பெயர் தெரியாத கம்பெனி டேப்புக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது. நானூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு முழு டேப்பையும் தூக்கிப் போட்ட வீடுகள் இருக்கின்றன. வாங்கும் முன் மாடல் பெயரைச் சொல்லி, பாகம் கிடைக்குமா என்று என்னிடமோ வேறு எந்த மெக்கானிக்கிடமோ கேளுங்கள். காசு கேட்க மாட்டோம்.

அந்தப் பெயர் தெரியாத டேப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 12 ஜிபி, 512 ஜிபி என்று வாய்க்கு வந்ததை எழுதி, செட்டிங்ஸிலும் அதே பொய்யைக் காட்டும்படி செய்திருப்பார்கள். இந்தியாவில் விற்கும் டேப் எதிலும் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பொருள் என்று காட்டும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே பார்த்துவிடலாம்.

விலையை மட்டும் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடே ஒரு முறை பார்த்திருக்கிறது. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப்லெட், மாணவர்களுக்காக என்று எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். சுமார் 2,250 ரூபாய். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஏழைப் பிள்ளை கையில் கணினி இருக்க வேண்டும் என்று நினைத்தார்களே, அது பெரிய விஷயம். ஆனால் விலையை முதலில் முடிவு செய்து, அதற்குள் அடங்கும் பாகங்களைத் திணித்தார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் கேட்கும் ரெசிஸ்டிவ் திரை, மூன்று மணி நேரம் நின்றாலே பெரிது என்ற பேட்டரி. சிம் கிடையாது, வைஃபை மட்டும். அன்றைக்கு எந்தக் கிராமத்துக் கல்லூரிப் பிள்ளையின் வீட்டில் வைஃபை இருந்தது? மறு வருடம் நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் பிராசஸரும் ரேமும் திரையும் மேம்பட்டன. ஆனால் போன பெயர் திரும்பவில்லை. பிள்ளை என்ன செய்யப் போகிறது, எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறது என்ற கேள்வியை முதலில் கேட்டிருந்தால் முதல் டேப்லெட்டே வேறு மாதிரி வந்திருக்கும்.

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் ஐ.டி. பாடம் கைட் தயாரித்த லினக்ஸ் இயங்குதளத்தில் நடக்கிறது. எஸ்எஸ்எல்சிக்கு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அந்த லினக்ஸ் கணினியில்தான். டேப்பில் அதைப் பழக முடியாது. உங்கள் பட்ஜெட்டில் ஒரு நல்ல பழைய லேப்டாப் கிடைக்குமானால், அதில் அந்த லினக்ஸை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டேப்பைவிட அது உதவும் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்து வீட்டில் டேப் வாங்கினார்கள் என்பது நாமும் வாங்கக் காரணமாகாது.

என் மனதில் ஆறாமல் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கே வந்து, பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் வைத்து, "உங்க பையன் ரொம்ப ப்ரைட், ஆனா பேஸிக் வீக்" என்று சொல்லி, கோர்ஸ் எடுத்தால் டேப் இலவசம் என்கிறார்களே, அவர்களைப் பற்றி. அப்படி ஒரு கம்பெனியின் டேப் என் மேசைக்கு வந்தது. டோபி கானாவில் இஸ்திரி போடும் ஒரு அக்காவின் மகளுடையது. அதில் அந்தக் கம்பெனியின் ஆப் மட்டும்தான் திறக்கும். பள்ளி டீச்சர் அனுப்பிய பிடிஎஃப் திறக்கவில்லை. பூட்டு அப்படி. அந்த அக்காவுக்குத் தெரியாமலே அவர் பெயரில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் போன பிறகுதான் தான் கையெழுத்துப் போட்டது கடன் பத்திரத்தில் என்று அவருக்குப் புரிந்தது. வாசலில் வந்து விற்கிறவரிடம் அன்றைக்கே ஆதாரையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள். "இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்று அவர் சொன்னால், கதவைச் சாத்த அந்த ஒரு வார்த்தையே போதும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே எழுதிக் கொடுக்கலாம், எழுத உதவ நம்மில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வாய் மூடி இருப்பதுதான் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு வசதி.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வருடம் தனித்தனியாகக் கடைக்குப் போகாதீர்கள். தனியாகப் போகிறவரிடம் கடைக்காரர் பெட்டியைக் காட்டுவார். ஆறு பேர் சேர்ந்து போனால் பெட்டியைத் திறந்து, போட்டுக் காட்டுவார். விலையிலும் கொஞ்சம் இறங்குவார்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் சமுதாய மண்டபத்தில் கூடலாம் என்று சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். வாங்க நினைக்கும் டேப்பின் முழு மாடல் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். "சாம்சங் டேப்", "லெனோவா டேப்" என்றால் போதாது, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் சேர்த்து வேண்டும். சிம் உண்டா, திரை எத்தனை அங்குலம், எத்தனை புள்ளி, கூட்டல் குறிக்கு முன்னால் ரேம் எவ்வளவு, பிராசஸர் பெயர் என்ன, ஆண்ட்ராய்டு அப்டேட் எந்த வருடம் வரை என்று ஒவ்வொன்றுக்கும் அங்கேயே உட்கார்ந்து தேடி எழுதுவோம். ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்த டேப்பையே எடுத்து வாருங்கள், எது நன்றாக ஓடுகிறது, எது ஓடவில்லை என்று மற்றவர்கள் கண்ணால் பார்க்கட்டும். முன்பணம் கொடுத்தவர்கள் ரசீதைக் கொண்டு வாருங்கள். டெலிவரி எடுக்காமல் இருந்தால் மாடலை மாற்றிக் கேட்க இன்னும் வழி இருக்கிறது.

பிறகு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து எர்ணாகுளம் போவோம், நானும் கூட வருகிறேன். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்களுடைய போன வருடத்துப் பாடப்புத்தகம் ஒன்றும், டீச்சர் அனுப்பிய நோட்டு ஒன்றும் யாராவது போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டேப்பை ஆன் செய்யச் சொல்லி அந்த இரண்டையும் அதில் திறந்து பிள்ளை கையில் கொடுங்கள். பெரிதாக்காமல் ஒரு பக்கம் முழுதும் வாசிக்க முடிகிறதா என்று பிள்ளை சொல்லட்டும். அதுவரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரியில் உங்கள் தெருவில் டேப் பழுது பார்க்கும் தம்பி